பக்கத்து வீட்டு இளவரசிக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை குருமாவுக்குக் கசகசா வறுத்துக்கொண்டிருந்தேன். வெறும் வாணலியில், சின்னத் தீயில். அது சூடேறி ஒரு வாசனை விடுமே, அந்த நேரத்தில் கை தானாக நின்றுவிட்டது. அடுப்பை அணைக்கத் தோன்றாமல், ஜன்னல் வழியாக உங்கள் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது அங்கே பக்கத்து ஊர் எடிசனிலிருந்து வந்த ஒரு தெலுங்குக் குடும்பம் இருக்கிறது. நல்ல மனிதர்கள். காரின் பின்சீட்டில் குழந்தைக்கான இருக்கை மாட்டியிருக்கிறார்கள். நான் அதைப் பார்த்து முடிப்பதற்குள் கசகசா கருகிவிட்டது. கொட்டிவிட்டு மறுபடி வறுத்தேன்.

உங்கள் ஊர்க் கசகசா கறுப்பு, எங்களுடையது வெள்ளை. நம் பழக்கமே அதில்தான் தொடங்கியது. நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில் இந்த வீட்டை வாங்கி நாங்கள் குடிவந்த டிசம்பர் அது. பெட்டிகள் பிரிக்காமல் கிடந்த கூடத்தில், உதட்டில் சிவப்புச் சாயமும் கையில் ஒரு தட்டுமாக வந்து நின்றீர்கள். உங்களுக்கு எழுபத்தேழு வயது என்று பிறகுதான் தெரிந்தது. தட்டில் பாய் சுருட்டியதுபோல் ஒரு ரொட்டி. வெட்டிய இடத்தில் கரேலென்று ஒரு சுழி. பெயர் பெய்க்லி என்றீர்கள். நீங்கள் படியிறங்கியதும் என் கணவர் சுந்தர் அதை முகர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, என்னது இது, தார் மாதிரி இருக்கு? நீ முதல்ல சாப்பிடு. உனக்கு ஒண்ணும் ஆகலன்னா நான் சாப்பிடறேன்."

வாயில் வைத்ததும் கசகசா என்று தெரிந்துவிட்டது. மறுநாள் உங்கள் தட்டை வெறுமையாகத் திருப்பித் தர மனமில்லாமல் ஒரு கிண்ணம் குருமாவோடு வந்தேன். இதிலும் அதுதான் இருக்கிறது என்றேன். ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடினீர்கள். "இதை நீங்கள் மிளகாயோடு சேர்க்கிறீர்களா? ஐயோ பாவம்," என்றீர்கள். கசகசாவைச் சொன்னீர்களா, எங்களைச் சொன்னீர்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நாம் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் என் மனதில் எல்லாம் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் எனக்காக வேறு யாரோ பேசுவதுபோல் இருக்கும், அது உங்களுக்குப் பிடிக்காது.

ஓராண்டுக்கு மேல் உங்களை ஒரு பழைய நூலக ஊழியராக மட்டுமே தெரியும். பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் நியூ பிரன்ஸ்விக்கில் பேக்கரி வைத்திருந்த ஹங்கேரிக்காரர். இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு உருட்டி வரும்போதுகூட உதட்டுச் சாயம் இல்லாமல் உங்களைப் பார்த்ததில்லை. தெருப் பிள்ளைகள் உங்களுக்கு வைத்த பெயர் லிப்ஸ்டிக் ஆண்ட்டி. ஒருமுறை பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்கு எங்களோடு வந்தீர்கள். சன்னிதியில் நின்றதைவிடக் கீழே கேன்டீனில் புளியோதரை வரிசையில்தான் அதிக பக்தியோடு நின்றீர்கள்.

பிறகு ஒரு பிப்ரவரிச் சனிக்கிழமை மத்தியானம். பழைய படங்களாகவே போடும் ஒரு சேனலை என் மகள் நிலா பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. "அம்மா, கம் ஃபாஸ்ட்! திஸ் இஸ் சோ பேட்!" என்று கத்தினாள். போய்ப் பார்த்தேன். அரண்மனைப் படிக்கட்டு. புடவை மாதிரி ஏதோ ஒன்றைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் பழுப்புச் சாயம் பூசி, நெற்றியில் எட்டணா அகலத்துக்குப் பொட்டு வைத்த ஓர் இந்திய இளவரசி, வெள்ளைக்காரத் தளபதியிடம் காதல் பேசிக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்போது இளவரசி கழுத்தைத் திருப்பினாள். தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டால் நீங்கள் திரும்புவீர்களே, அதே திருப்பல்.

குரல் மட்டும் உங்களுடையது இல்லை. அது சோளக்காட்டு அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த பெண்ணின் குரல்.

மறுநாள் வாசலில் உங்களைப் பார்த்ததும் ஆசையாகக் கேட்டேன். நீங்கள் நடிகையா, சொல்லவே இல்லையே என்று. உங்கள் முகம் வெளுத்தது. "பார்த்துவிட்டாயா," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டீர்கள்.

இரண்டு வாரம் பேச்சில்லை. என்ன தப்பாகச் சொன்னேன் என்று எனக்குப் பிடிபடவில்லை. நல்ல பனி விழுந்த ஒரு காலை, சுந்தர் எப்போதும்போல் உங்கள் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தார். நீங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு நேரே எங்கள் சமையலறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தீர்கள்.

"மன்னிப்புக் கேட்க வந்தேன். உன் நாட்டுப் பெண்ணாக நடித்ததற்கு."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. நாங்கள் குடிவந்த அன்று, சாமான் வண்டியின் பின்னால் வந்த காரிலிருந்து புடவை கட்டிய என் மாமியார் இறங்குவதை உங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தீர்களாம். பயந்துபோனீர்களாம். அதனால்தான் மறுநாளே ரொட்டியோடு வந்தீர்களாம், எங்களில் யாராவது அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறோமா என்று எங்கள் முகத்தைப் படிக்க.

"அந்தப் புடவையை யாருங்க கட்டிவிட்டது?" என்று கேட்டேன். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அது புடவையே இல்லை. இடுப்புக்குக் கீழே பாவாடை, மேலே ஒரு திரைச்சீலை, முதுகில் ஜிப்."

அன்றைக்கு நாம் இருவரும் சிரித்த சிரிப்பில் சுந்தர் பனி தள்ளும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளே வந்து பார்த்தார்.

அதன் பிறகுதான் சனிக்கிழமை மத்தியானங்களில் உங்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்தீர்கள். வரிசையாகச் சொல்லமாட்டீர்கள். நானாகக் கோத்துக்கொண்டது இது.

ஹங்கேரியில், டான்யூப் நதிக்கரையில் ஒரு சிறு ஊர். அப்பா பூட்டுச் சாவி செய்பவர். புடாபெஸ்டில் நாடகக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது நகருக்குள் ரஷ்ய டாங்கிகள் வந்தன. அந்தக் குளிரில் உடன் படித்த ஒருத்தியோடு நடந்தே எல்லையைத் தாண்டினீர்கள். அம்மாவிடம் சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லை. கப்பலும் பஸ்ஸுமாக வந்து சேர்ந்த இடம் நியூ ஜெர்சியில் ஒரு பழைய ராணுவ முகாம். நம் தெருவிலிருந்து காரில் பதினைந்து நிமிடம். அங்கே ராணுவக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் இரண்டாவதோ மூன்றாவதோ ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்த உங்களை ஒரு பத்திரிகைக்காரர் படமெடுத்தார். அந்தப் படம் கலிபோர்னியாவில் ஒரு பட முதலாளியின் மேசைக்குப் போயிற்று. ஆறே வாரத்தில் நீங்கள் ஹாலிவுட்டில் இருந்தீர்கள்.

ஏழு வருட ஒப்பந்தம். பல்லுக்கு நடுவில் கார்க்கைக் கடித்துக்கொண்டு தினமும் காலையில் உச்சரிப்புப் பயிற்சி. ஆனாலும் உங்கள் 'ர' உருண்டுகொண்டேதான் இருந்தது. முதல் படம் முடிந்ததும் முதலாளி போட்டுப் பார்த்துவிட்டு, முகம் இருக்கட்டும், குரலை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டார். எட்டுப் படங்கள் நடித்தீர்கள். எட்டுக்கும் குரல் கொடுத்தது ஒரே பெண். அவள்மேல் உங்களுக்குக் கோபமே இருந்ததில்லை. மத்தியானத்தில் சேர்ந்துதான் சாப்பிடுவீர்களாம். "பாவம், அவளுக்கு முகம் இல்லை. எனக்குக் குரல் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு நடிகை," என்பீர்கள்.

ஸ்பெயின் நாட்டு விதவை, அரேபிய நடனக்காரி, ரஷ்ய உளவாளி, எங்கள் ஊர் இளவரசி. "ஹங்கேரிக்காரியைத் தவிர எல்லா நாட்டுக்காரியாகவும் நடித்துவிட்டேன்," என்று நீங்கள் சொல்லும்போது சிரிப்புத்தான் இருக்கும், கசப்பு இருக்காது.

ஒன்றைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கமாட்டீர்கள். உங்கள் ஊரில் ஒரு சின்னத் தியேட்டரில், கீழே ஹங்கேரிய எழுத்து ஓட, அந்த இளவரசிப் படத்தைப் போட்டார்கள். அம்மா போய்ப் பார்த்தார். பிறகு உங்களுக்குக் கடிதம் எழுதினார். உன் முகத்தைப் பார்த்தேன், இளைத்திருக்கிறாய். ஆனால் பேசுவது நீ இல்லை. என்னிடம் மறைக்காதே, தொண்டையில் ஏதாவது வியாதியா? இதுதான் கடிதம்.

அந்தக் கடிதத்தோடு நேராக முதலாளியின் அறைக்குப் போனீர்கள். அடுத்த படத்தில் நானே பேசுகிறேன், இல்லாவிட்டால் நடிக்கவில்லை என்றீர்கள். அவர் வாசலைக் காட்டினார். நீங்களும் போய்விட்டீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரே ஊர் நியூ ஜெர்சிதான், அதனால் இங்கே வந்தீர்கள். தொண்டைக்கு ஒன்றுமில்லை என்று அம்மாவுக்குப் பதில் எழுதினீர்கள். அந்தக் கடிதம் போய்ச் சேர்வதற்குள் அவர் இறந்துவிட்டார்.

நிலா பள்ளி கடைசி வருடத்துக்கு வந்துவிட்டாள். அதுவரை நான் எத்தனையோ முறை கேட்டிருப்பேன், எங்கள் வீட்டுப் பேஸ்மென்டில் சிநேகிதர்களோடு அந்தப் படத்தைப் போட்டுப் பார்க்கலாமா என்று. வேண்டவே வேண்டாம் என்பீர்கள். ஊரார் சிரிப்பார்கள் என்று பயமா என்றால், "சிரித்தால் சிரிக்கட்டும். நான் வாயைத் திறக்கும்போது வேறொருத்தி பேசுவதை இன்னொரு முறை என்னால் உட்கார்ந்து கேட்க முடியாது," என்பீர்கள்.

அப்படியிருக்க ஒரு வெள்ளிக்கிழமை நான் ஆபீஸிலிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு வந்தேன். நான் மருந்துக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். மாத்திரைகள் எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்று சோதித்துச் சொல்லும் பிரிவு. ஒரு வருடம் உழைத்து நான் எழுதிய அறிக்கையைப் பற்றி வாடிக்கையாளரிடம் பேச, மேனேஜர் வேறொருவனை நியமித்துவிட்டார். உன் உச்சரிப்பு அவர்களுக்குக் கஷ்டமாக இருக்கும், தப்பாக நினைக்காதே என்று தோளைத் தட்டினார். நானும் தலையாட்டிவிட்டு வந்திருந்தேன்.

சொல்லி முடித்தபோது, நான் படாத கோபத்தை நீங்கள் பட்டீர்கள். கரண்டியை மேசையில் எறிந்தீர்கள். உங்கள் மொழியில் என்னவோ நீளமாகத் திட்டினீர்கள்.

"நானும் உங்களை மாதிரி ரிசைன் பண்ணிடலாம்னு பாக்கறேன்," என்றேன்.

"அதை மட்டும் செய்யாதே. நான் போனேன். போனதில் எனக்கு வருத்தமில்லை, நல்ல புருஷன் கிடைத்தான், நல்ல வேலை கிடைத்தது. ஆனால் ஒன்பதாவது படத்தை வேறொருத்தியை வைத்து எடுத்தார்கள், அவளுக்கும் யாரையோ வைத்துப் பேசிக்கொண்டார்கள். நீ அங்கேயே உட்கார்ந்து பேசு."

எனக்குச் சுருக்கென்றது. "நீங்க உங்க படத்தப் பாக்கவே பயப்படறீங்க. எனக்குச் சொல்றீங்களே," என்று கேட்டுவிட்டேன்.

எறிந்த கரண்டியை எடுத்து நேராக வைத்தீர்கள். பிறகு கையை நீட்டினீர்கள். "நீ உன் மேனேஜரிடம் பேசு. பேசிவிட்டு வந்தால், உன் பேஸ்மென்டுக்கு நான் வருகிறேன்."

திங்கட்கிழமை பேசினேன். அறிக்கை என்னுடையது, நானே சொல்கிறேன், புரியாவிட்டால் கேட்கட்டும், திரும்பச் சொல்கிறேன் என்றேன். மேனேஜர் கூரையைப் பார்த்தார், பிறகு சரி என்றார். வியாழக்கிழமை அந்த அழைப்பில் மறுமுனையில் இருந்தவர் மூன்று முறை "ஸாரி?" என்று கேட்டார். மூன்று முறையும் அதே வேகத்தில் அதையே சொன்னேன். நாலாவதாக, ஈரப்பதத்தைப் பற்றி உருப்படியான கேள்வி கேட்டார். அவ்வளவுதான். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு நீங்கள் வந்தீர்கள். எங்கள் பேஸ்மென்டை உங்களுக்குத் தெரியும். கேரம் போர்டைச் சுவரோரம் சாய்த்து, மடக்கு நாற்காலிகள் போட்டு, புரொஜெக்டரைச் சுந்தர் பாதி நாளாகச் சரிசெய்திருந்தார். எங்கள் சிநேகிதர்கள் நாலைந்து குடும்பம். தட்டு நிறைய சமோசா. நீங்கள் முன்வரிசையில் என் பக்கத்தில், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு.

படம் தொடங்கி, இளவரசி படிக்கட்டில் இறங்கியதும் திருச்சிக்காரி கல்பனாவால் பொறுக்க முடியவில்லை. "ஐயய்யோ, அந்த முந்தானையப் பாருங்களேன்! குளிச்சிட்டுத் துண்டப் போட்டுட்டு வர்ற மாதிரி வர்றா!" கூட்டமே சிரித்தது. நான் பயந்துபோய் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். எல்லோரையும்விடச் சத்தமாக நீங்கள்தான் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். பாஷை தெரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது.

தளபதி வந்து கையைப் பிடித்தான். இளவரசி வாயைத் திறந்தாள். என் மணிக்கட்டில் உங்கள் பிடி இறுகியது. அந்த நேரம் பார்த்துச் சத்தம் நின்றுபோயிற்று.

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம், கேபிள் லூஸா இருக்கு, இப்ப ஃபிக்ஸ் பண்ணிடறேன்," என்று சுந்தர் இருட்டில் தடவிக்கொண்டிருந்தார். திரையில் உங்கள் உதடுகள் மட்டும் அசைந்தன. யாரோ முனகினார்கள். அப்போது என் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. உருளும் 'ர'வோடு, ஒவ்வொரு சொல்லின் தலையிலும் அழுத்தமாகக் காலை வைத்து. நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் ஒரு வரி மறக்கவில்லை. திரையில் இளவரசி மூச்சு வாங்கிய இடத்தில் நீங்களும் வாங்கினீர்கள்.

யாரும் சமோசாவைத் தொடவில்லை. தளபதிக்குக் குரல் இல்லாததால் அவன் வாயை வாயைத் திறந்து மூடினான். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. கடைசிக் காட்சியில் இளவரசி விஷம் குடித்துவிட்டுச் சாய்ந்து கிடந்தாள். அங்கே ஆங்கிலத்தை விட்டுவிட்டு உங்கள் மொழிக்குப் போய்விட்டீர்கள். மெதுவாக, ஒரு நீண்ட பேச்சு. எங்களில் ஒருவருக்கும் ஒரு சொல்கூடப் புரியவில்லை. கல்பனா மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

விளக்கைப் போட்டதும் நிலாதான் உங்கள் காலடியில் வந்து உட்கார்ந்து, கடைசியில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள்.

"வசனம் மறந்துவிட்டது கண்ணே," என்றீர்கள். "அதனால் என் அம்மாவிடம் பேசினேன். எனக்குத் தொண்டையில் ஒன்றும் இல்லை என்று சொன்னேன்."

எல்லோரும் போன பிறகு சுந்தர் நாற்காலிகளை மடக்கிக்கொண்டே என்னிடம் சொன்னார். "கேபிள் அப்பவே சரியாயிடுச்சும்மா. ரெண்டாவது நிமிஷத்துலயே. நான்தான் சத்தத்த வெக்கல." கல்யாணமாகி இருபது வருடத்தில் அவர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்த நாள் வேறு இல்லை. இதை உங்களிடம் நாங்கள் சொல்லவே இல்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

அந்த வருடத் தீபாவளிக்குக் கல்பனாவும் நானும் உங்களுக்கு நிஜப் புடவை கட்டிவிட்டோம். மாம்பழ நிறச் சுங்குடி. கொசுவத்தைச் செருகும்போது கூச்சத்தில் நெளிந்தீர்கள். கட்டி முடித்ததும் கூடத்தில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்து பார்த்து, "இதில் நடக்கக்கூட முடிகிறதே!" என்று ஆச்சரியப்பட்டீர்கள். அன்று முழுக்க அதை அவிழ்க்க மறுத்துவிட்டீர்கள்.

அதற்குப் பிறகும் நல்ல வருடங்கள்தான். நிலா கல்லூரிக்குப் போனாள். விடுமுறைக்கு வந்தால் முதலில் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவாள். போன குளிர்காலத்தில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டீர்கள். பராமரிப்பு இல்லத்தில் இரண்டு மாதம். ஒரு மார்ச் காலை நர்ஸிடம் உதட்டுச் சாயத்தைக் கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டு, காபி வருவதற்குள் போய்விட்டீர்களாம்.

நியூ பிரன்ஸ்விக்கில் உங்கள் ஹங்கேரியர் தேவாலயத்தில் நாங்கள் எட்டுப் பேர் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தோம். பாதிரியார் உங்கள் பெயரை வாசித்தார். பட முதலாளி நறுக்கி ஒட்டிக் கொடுத்த பெயர் இல்லை; உங்கள் அப்பா அம்மா வைத்தது. நாங்கள் அப்பா பெயரை முன்னால் போடுவதுபோல், உங்கள் ஊரில் குடும்பத்துப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். அதை முழுதாக அன்றுதான் முதல்முறை கேட்டேன். அவ்வளவு நீளமான, அவ்வளவு அழகான பெயர். அங்கே இருந்த வயதான பெண்கள் எல்லோரும் அதைக் கேட்டுத் தலையசைத்தார்கள்.

இந்த நாட்டில் முதல் நாளிலிருந்து என் பெயர் வெறும் 'விஷ்'. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானேதான் அவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று நறுக்கிக் கொடுத்தேன். நீங்கள் ஒருவர்தான் முழுப் பெயரையும் கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கி, முதல் எழுத்தில் கதவைத் தட்டுகிற மாதிரி ஓர் அழுத்தம் கொடுத்து விசாலாட்சி என்று கூப்பிட்டவர். உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்த திங்கட்கிழமை, ஆபீஸில் எல்லோருக்கும் நாலு வரியில் ஒரு மின்னஞ்சல் போட்டேன். இனிமேல் இதுதான் என் பெயர் என்று.

எட்டு மாதமாகிறது. மேனேஜர் விசாலாக்ஸி என்கிறார். பக்கத்து மேசைக்காரி விசலாச்சி என்கிறாள். வாரம் ஒருமுறை பேசும் அந்த வாடிக்கையாளர், ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு புதிதாக ஒன்று சொல்கிறார். எல்லோரும் தப்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் முழுதாகச் சொல்கிறார்கள்.